ஆசிரியராகப் பயிலும் பிள்ளைக்கு உதவித்தொகை: எந்த வாசலில் போய் நிற்பது?



ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வந்ததும், திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இரண்டு மூன்று பேராவது என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். "சார், பிள்ளைக்கு டீச்சர் ஆகணும்னு ஆசை. பீஸ் கட்ட வழியில்லை. கவர்மெண்டு பணம் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்பார்கள். நான் இந்நகரத்துப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து 2009-இல் ஓய்வு பெற்றவன். ஆகையால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியாதது எவ்வளவு என்பதை 2019-ஆம் ஆண்டில் கற்றுக்கொண்டேன். அதற்கான விலையைக் கொடுத்தது நான் அல்ல, சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கிப் பிழைக்கும் ஒரு தந்தையும் அவருடைய மகளும். அந்தக் கதையைச் சொல்லி, அதிலிருந்து நான் பின்னர் படித்தறிந்தவற்றைப் பாடமாக உங்கள் முன் வைக்கிறேன். வீட்டில் பிளஸ் டூவோ பட்டப்படிப்போ முடிக்கும் பிள்ளை இருந்தால் தயவுசெய்து இதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

நான் சொன்ன தவறான சொல்

அந்தப் பெண் சாலையில் உள்ள அரசுத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். பட்டப்படிப்பிலும் தமிழையே பாடமாக எடுத்துத் தேறியிருந்தாள். சிறு பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கதை சொல்லத் தொடங்கினால் தெருவே அமைதியாகிவிடும். அப்படிப்பட்ட பிள்ளை பி.எட். படிக்க வேண்டும் என்று முதலில் சொன்னவனே நான்தான். ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது.

தந்தை தயங்கினார். மூத்த மகளின் கலியாணக் கடன் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அப்போது நான், "அண்ணாச்சி, நீங்கள் பட்டியல் இனத்தைச் சேர்ந்தவர். கேரளத்தில் உங்கள் பிள்ளைக்கு பீஸே கிடையாது. மாதாமாதம் பணமும் தருவார்கள். தைரியமாகச் சேருங்கள்" என்றேன்.

சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. தந்தை சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1988-இல் இங்கு வந்தவர். மகள் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவளுடைய பட்டியல் இனத் தகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. கேரளம் தன் பட்டியலில் உள்ளவர்களுக்குத் தரும் சலுகையை அவள் இங்கே கேட்க முடியாது. கல்லூரியிலோ, மற்றவர்களைப் போல முழுக் கட்டணத்தையும் கட்டச் சொன்னார்கள்.

ஊருக்கு ஓடினார்கள். அங்கே குடியிருப்புக்கான ஆதாரம் கேட்டார்கள். இங்கே திரும்பி வந்து காகிதங்களைத் தேடினார்கள். அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. இடம் வேறொருவருக்குப் போனது. அந்த ஓர் ஆண்டு முழுவதும் அந்தப் பெண் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினாள்.

தந்தை என்னைத் திட்டவில்லை. "சார், நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதிலாக அவர் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நான் ஏன் தவறினேன்?

இதற்கு ஒரு காரணம் உண்டு. அது நம்மில் பலருக்கும் பொருந்தும். என் பாட்டனார் தோவாளைத் தாலுகாவிலிருந்து இங்கே வந்தவர். அவர் வந்த காலத்தில் தோவாளையும் திருவனந்தபுரமும் ஒரே திருவிதாங்கூர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நான் இங்கேயே பிறந்தவன். 1976-இல் பி.எட். சேர்ந்தபோது, வருமானத்தைக் காட்டிக் கட்டணச் சலுகை வாங்கினேன். "நீ எந்த மாநிலத்துக்காரன்?" என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே யாரிடமும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

இந்நகரத்துத் தமிழர் எல்லோரும் ஒரே மாதிரி வந்தவர்கள் அல்லர். எல்லை பிரியும் முன்பே இங்கு இருந்தவர்கள் உண்டு. பின்னர் வேலை தேடியும் வியாபாரத்துக்காகவும் வந்தவர்கள் உண்டு. பேசும் மொழி ஒன்று, கும்பிடும் கோயில் ஒன்று. ஆனால் உதவித்தொகைக்கு நிற்கும் வாசல் மட்டும் வேறு. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

உதவித்தொகை என்பது தர்மமா?

சட்டத்துக்குள் போவதற்கு முன் அடிப்படையை ஒரு முறை பார்த்துவிடுவோம். ஆசிரியர் பயிற்சிக்கு மட்டும் ஏன் தனியாக உதவி என்று சிலர் கேட்கிறார்கள்.

2015 முதல் நாடு முழுவதும் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. நான் படித்தபோது அது ஒரே ஆண்டுதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி, ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், வாரத்துக்குக் குறைந்தது 36 மணி நேரம் படிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் 20 வாரங்கள் பள்ளிக்கூடத்தோடு தொடர்புடைய பயிற்சியில் கழிய வேண்டும். வகுப்புக்கு நூற்றுக்கு 80, பள்ளிப் பயிற்சிக்கு நூற்றுக்கு 90 என வருகைப் பதிவும் வேண்டும். இப்படிப் படிக்கும் பிள்ளை கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா? முடியாது. கட்டணத்தோடு, அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கக்கூடிய சம்பளமும் இரண்டு ஆண்டு நின்றுபோகிறது. இந்தப் பள்ளத்தை நிரப்பவே உதவித்தொகை.

இந்த எண்ணம் இன்று நேற்று தோன்றியதல்ல. அதன் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் ஓர் ஆண் அனாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். ஆசிரியர்கள் அதைச் செய்ய மறுக்கவே, ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பெரிய மாணவன் சிறிய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த முறை 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

ஆனால், சம்பளம் இல்லாத சிறுவர்களை வைத்து எத்தனை நாள் பள்ளி நடத்த முடியும்? 1846-இல் இங்கிலாந்து அரசு வேறொரு வழி கண்டது. 13 வயதில் ஒரு பிள்ளையை 'மாணவ ஆசிரியராக' ஐந்து ஆண்டுகள் அமர்த்தினார்கள். முதலாண்டில் 10 பவுன் என்று தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் 20 பவுன் வரை உதவி தந்தார்கள். அதில் சிறந்தவர்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் சேர அரசியார் பெயரில் உதவித்தொகையும் கொடுத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளையும் ஆசிரியராகலாம் என்ற நிலை அப்படித்தான் அங்கே உண்டாயிற்று.

நம் பக்கத்தில் சென்னை சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி 1856-இல் தொடங்கியது. திருவனந்தபுரம் தைக்காட்டில் உள்ள பயிற்சிக் கல்லூரியின் தொடக்கம் 1910. ஆனால் உதவி கிடைத்தால் ஒரு வாழ்க்கை எப்படித் திரும்பும் என்பதற்குச் சகோதரி சுப்புலட்சுமியைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. சிறு வயதிலேயே விதவையான அவர் 1911-இல் பட்டம் பெற்றார். பின்னர் சென்னையில் இளம் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். தங்க இடம், உணவு, படிப்பு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார். 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். வீட்டு மூலையில் ஒதுங்கிக் கிடந்திருக்க வேண்டிய பெண்கள் ஆசிரியைகளாகப் பள்ளிகளுக்குப் போனார்கள். சோற்றுக்கும் தங்கலுக்கும் வழி செய்யாமல் 'படி' என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர்களால் படித்திருக்க முடியாது.

இரண்டு வகை உதவி

உலகெங்கும் பயிற்சி ஆசிரியர்களுக்கான உதவி இரண்டு வகைப்படும். ஒன்று, எந்தப் பாடத்துக்கு ஆள் குறைவோ அதற்குக் கொடுப்பது. மற்றொன்று, எந்தக் குடும்பத்துக்கு வசதி குறைவோ அதற்குக் கொடுப்பது.

இன்றைய இங்கிலாந்து முதல் வகை. அங்கே 2024-25 கல்வியாண்டில் இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி ஆகிய பாடங்களுக்குப் பயிற்சி பெற்றவர்களுக்கு 28,000 பவுன் உதவி கிடைத்தது. திருப்பித் தர வேண்டியதில்லை. அதே ஆண்டில் வரலாற்றுப் பாடத்துக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. பணக்காரர் வீட்டுப் பிள்ளையா ஏழை வீட்டுப் பிள்ளையா என்பதைவிட, எந்த வகுப்பறை காலியாக இருக்கிறது என்பதே அங்கே கணக்கு.

நம் நாடு பெரும்பாலும் இரண்டாம் வகை. பி.எட். படிக்கிறாய் என்பதற்காக மட்டும் இங்கே பணம் வராது. நீ எந்தச் சமூகப் பட்டியலில் இருக்கிறாய், குடும்ப வருமானம் என்ன, எந்த மாநிலத்தவன் என்று மூன்று கேள்விகள் கேட்பார்கள். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது மூன்றாம் கேள்வியில்.

மூன்றாம் கேள்வியின் சட்டம்

பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி ஆகியவற்றின் பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி அவரோடு கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது. ஆந்திரத்திலிருந்து வேலை நிமித்தம் மகாராஷ்டிரம் போன ஒருவரின் மகன் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட வழக்கு அது. 1994-இலும் 2018-இலும் வந்த தீர்ப்புகள் அதையே உறுதி செய்தன.

மத்திய அரசின் அறிவுரையும் அதுவே. படிப்புக்காகவோ வேலைக்காகவோ இடம் பெயர்ந்தவர், தம் சொந்த மாநிலத்தின் பட்டியல் இனத்தவராகவே கருதப்படுவார். சலுகைகளையும் அந்த மாநிலத்திலிருந்தே பெற வேண்டும். அவருக்கு வந்து குடியேறிய மாநிலத்திலேயே சான்றிதழ் தரலாம். தந்தையின் பழைய சான்றிதழைக் காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழில் 'இன்ன மாநிலத்திலிருந்து வந்தவர்' என்று எழுதியிருக்கும்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் இன மாணவருக்கான மத்திய உதவித்தொகையிலும், மாணவர் நிலையாகக் குடியிருந்து உரிமை பெற்ற மாநிலமே பணம் கொடுக்க வேண்டும் என்பதே விதி. பிள்ளை இந்தியாவில் எங்கே படித்தாலும் சரி. ஆகையால், திருவனந்தபுரத்தில் படிக்கும் தமிழ்நாட்டுச் சான்றிதழ் உள்ள பிள்ளை, தமிழ்நாட்டு அரசின் வாசலில் விண்ணப்பிக்க வேண்டும். சட்டப்படி உரிமை உண்டு. நடந்து வாங்குவதுதான் பெரும்பாடு. அதற்காகத்தான் முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்கிறேன்.

எந்த உதவி, யாருக்கு?

1. பட்டியல் இன மாணவருக்கான மத்திய உதவித்தொகை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படக்கூடாது. கட்டாயக் கட்டணங்களும், அவற்றோடு படிப்புக்கும் விடுதிக்கும் ஏற்ப ஆண்டுக்கு 2,500 முதல் 13,500 ரூபாய் வரை படிப்புப்படியும் உண்டு. 2021 விதிகளின்படி மத்திய அரசு நூற்றுக்கு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் தருகின்றன. மத்தியப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். அதில் அடங்கிய கட்டணத்தை மாணவரே கல்லூரியில் கட்ட வேண்டும். பெற்றோர்களே, கணக்கில் விழுந்த பணம் கடனுக்குப் போய்விட்டால் பிள்ளைக்குத் தேர்வுச் சீட்டு கிடைக்காமல் போகும்.

2. கேரள அரசின் இ-கிராண்ட்ஸ். கேரளத்தின் பட்டியலில் உள்ள தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான உதவிகள் இந்த வழியாக வருகின்றன. மாணவர் அக்ஷயா மையத்திலோ வீட்டுக் கணினியிலோ விண்ணப்பிப்பார். கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பும். துறை அலுவலகம் ஒப்புதல் தரும். இந்த மூன்றில் எந்தக் கையில் காகிதம் தங்கினாலும் பணமும் தங்கும். நம்மவர் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். 'கல்லூரி அனுப்பிவிட்டதா?' என்று இரண்டாம் படியையும் கேட்க வேண்டும்.

3. குமாரபிள்ளை கமிஷன் சலுகை. 1965-இல் அறிக்கை தந்த அந்தக் குழுவின் பெயரால் கேரளத்தில் வழங்குவது. சாதி அடிப்படையிலான உதவி கிடைக்காத ஏழைக் குடும்பங்களுக்குப் பயன்படும். ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இங்கேயே பூர்வீகம் உள்ள நம் குடும்பங்கள் பல இதைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

4. மத்திய அரசின் தகுதி உதவித்தொகை. பிளஸ் டூவில் தம் வாரியத்தில் தேறியவர்களுள் மேல் 20 விழுக்காட்டில் இடம் பெற்று, குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருந்தால் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 82,000 பேர். அதில் பாதி பெண்களுக்கு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதில் இடங்கள் வாரியம் வாரியமாகப் பிரிக்கப்படுகின்றன. கேரள வாரியத்தில் தேறிய பிள்ளை கேரள வாரியத்தின் கணக்கில் வருவாள். தந்தை எங்கிருந்து வந்தார் என்பது இங்கே தடையில்லை. ஆனால் இது பட்டப்படிப்புக்கு மட்டும், டி.எல்.எட். போன்ற டிப்ளமோவுக்குக் கிடைக்காது.

5. தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். ஊரில் உறவினர் இதைச் சொல்லக் கேட்டு நம்மவர் ஆசைப்படுகிறார்கள். ஆனால் அது ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கானது. இங்கே தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குப் பொருந்தாது. இல்லாத ஒன்றை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பொதுவாக இரண்டு எச்சரிக்கைகள். பட்டியல் இன மத்திய உதவித்தொகை வாங்குபவர் அதே நேரத்தில் வேறோர் உதவித்தொகை வாங்கக்கூடாது. ஒரு தொழிற்படிப்பை முடித்துவிட்டு வேறொரு தொழிற்படிப்புக்கு மீண்டும் அதே உதவியைக் கேட்கவும் முடியாது. ஆகவே பி.எட். தானா என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாதம் மாதமாகச் செய்ய வேண்டியவை

பிள்ளை இறுதியாண்டில் காலெடுத்து வைத்ததுமே தொடங்குங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு ஓடினால் 2019-இல் நாங்கள் ஓடியதுபோலத்தான் ஆகும்.

முதலில், வீட்டுப் பெட்டியைத் திறந்து தந்தை, பாட்டனாரின் பழைய காகிதங்களை எடுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய சாதிச் சான்றிதழ், நிலப்பத்திரம், ரேஷன் கார்டு எதுவானாலும் சரி. குடும்பம் எந்த ஆண்டு இங்கே வந்தது என்பதைக் காட்டும் காகிதம் பொன்னைப் போன்றது.

இரண்டாவது, அந்தக் காகிதங்களோடு தாலுகா அலுவலகத்துக்குப் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "எங்கள் பிள்ளைக்குக் கேரளத்தவர் என்று சான்றிதழ் கிடைக்குமா, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று கிடைக்குமா?" இந்த விடை தெரியாமல் எந்தக் கல்லூரியிலும் கட்டணம் கட்டாதீர்கள். என்னைப் போன்ற வாத்தியார்களின் பேச்சையும் நம்பாதீர்கள்.

மூன்றாவது, விடை 'தமிழ்நாடு' என்றால், விடுமுறையில் ஊருக்குப் போகும்போதே சான்றிதழ்களை வாங்கி வையுங்கள். திருவிழாவுக்குப் போகிறோம், கலியாணத்துக்குப் போகிறோம். அதில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கக்கூடாதா?

நான்காவது, பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரோடு இணையுங்கள். பெயரின் எழுத்துகள் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பெயர்களை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது ஓர் எழுத்து மாறிவிடும். அந்த ஓர் எழுத்தால் விண்ணப்பமே திரும்பி வரும்.

ஐந்தாவது, பட்டியல் இன மாணவர்கள் முன்பணம் கட்டாமல் சேர உதவும் அட்டை ஒன்றுக்கு 2021 விதிகளில் இடம் உண்டு. உங்கள் மாநிலத்தின் துறை அலுவலகத்தில் அதைக் கேளுங்கள்.

ஆறாவது, எல்லாம் சரியாக இருந்தாலும் பணம் தாமதமாக வருவது உண்டு. முதல் ஆறு மாதச் செலவுக்கு வேறு வழி செய்துகொண்டே படிப்பைத் தொடங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையாளத்தில் எழுதத் தெரியாது என்பதற்காக நம்மில் பலர் மனுவே கொடுப்பதில்லை. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் தர வேண்டும். இந்த உரிமையைப் பயன்படுத்தினால்தான் அது நிலைக்கும்.

இது ஒரு குடும்பத்தின் கவலை மட்டுமா?

அரசியலமைப்பின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது. 1956-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. வசதி என்றால் கட்டடம் மட்டும்தானா? தமிழில் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், கேரளத்தின் ஆசிரியர் தகுதித் தேர்விலும் வெல்ல வேண்டும். அத்தகைய ஆசிரியர்கள் வானத்திலிருந்து குதிக்க மாட்டார்கள். சாலையிலும் கரமனையிலும் வளரும் நம் பிள்ளைகளிலிருந்துதான் வர வேண்டும். இங்கிலாந்துக்காரர் இயற்பியல் வகுப்பு காலியாகிறது என்று பணம் கொடுக்கிறார்கள். நம் தமிழ் வகுப்பு காலியானால் யார் கொடுப்பார்கள்?

நாம்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரிய தொகை வேண்டாம். அரசுப் பணம் வரும் வரை முதல் பருவக் கட்டணத்தைக் கைமாற்றாகத் தரும் ஒரு சிறு நிதியைச் சங்கம் தொடங்கலாம். பணம் வந்ததும் அந்தப் பிள்ளை திருப்பிக் கட்டட்டும். அது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். சான்றிதழ் விவரம் தெரிந்த இருவர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்துச் சொன்னாலே எத்தனையோ ஆண்டுகள் வீணாகாமல் தப்பும். முதல் நாற்காலியில் உட்கார நான் தயார்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். உதவித்தொகை கிடைத்தது. 2022-இல் படிப்பு முடிந்தது. இப்போது தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். "நல்லா இருக்கேன் சார். ஆனா நான் படிச்ச கிளாஸ்ல நின்னு பாடம் எடுக்கணும்னுதான் நினைச்சேன்" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தென்காசிப் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியை கிடைத்தாள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவள் நின்றிருக்க வேண்டிய சாலை வகுப்பறை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வீட்டில் கூடிப் பேச ஐந்து கேள்விகள்

1. நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு இங்கே வந்தது? அதற்குக் காகிதம் எது?
2. நம் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தின் பெயரில் கிடைக்கும்?
3. நம் ஆண்டு வருமானம் ஒரு லட்சம், இரண்டரை லட்சம், நாலரை லட்சம் ஆகிய வரம்புகளில் எதற்குள் அடங்கும்?
4. எல்லாக் காகிதத்திலும் பிள்ளையின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா?
5. உதவித்தொகை ஆறு மாதம் தாமதமானால் கட்டணத்துக்கு என்ன வழி?

ஐந்துக்கும் விடை எழுதிய தாளோடு என் திண்ணைக்கு வாருங்கள். இம்முறை நான் வாயால் வாக்குக் கொடுக்க மாட்டேன். உங்களோடு தாலுகா அலுவலகம் வரை நடந்து வருகிறேன்.